எல்லோருக்கும் ஒரே சாவா? – கடிதம்

வணக்கம் சார்,

ஐரோப்பாவின் 'மரண நடன' ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போப், அரசன், உழவன் என்று எல்லோரையும் ஓர் எலும்புக்கூடு இழுத்துக்கொண்டு போகிறது. பிளேக் தந்த பயம்தானே இது? 'சாவுக்கு முன் எல்லோரும் சமம்' என்ற ஒரே சேதியை எதற்கு இத்தனை முறை வரைந்தார்கள்?

ஒரு வாசகி

வணக்கம்.

பிளேக்குக்குப் பங்கு உண்டு. ஆனால் அது ஐரோப்பாவில் பெரிதாகப் பரவியது 1347 முதல். பாரிஸ் இன்னொசென்ட்ஸ் இடுகாட்டுச் சுவரில் புகழ்பெற்ற மரண நடனம் வரையப்பட்டது 1424-25இல். நடுவில் நோய் திரும்பத் திரும்ப வந்தது என்றாலும், பயத்தை மட்டும் வைத்து இதை விளக்கிவிட முடியாது.

சமத்துவம் என்கிறீர்கள். அந்தச் சுவரோவியங்களில் போப் முதலில், பேரரசர் அடுத்து என்று அந்தஸ்துப்படிதான் ஆட்களை நிறுத்தியிருப்பார்கள். சாகப்போகிற வரிசையிலும் யார் முன்னால் என்ற கணக்கு!

நீங்கள் பார்க்க வேண்டியது பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் ஓவியர் இளைய ஹான்ஸ் ஹோல்பைனின் மரச்செதுக்குப் படங்களை (மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி அச்சிட்டவை). அவர் வாழ்ந்த சுவிஸ் நகரமான பாசெலில், டொமினிக்கன் துறவிகளின் இடுகாட்டுச் சுவரிலும் ஒரு மரண நடனம் இருந்தது. அவர் அந்த நீண்ட வரிசையைக் கலைத்து, ஆளுக்கொரு சிறு படமாக்கினார். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. 1538இல் பிரான்சின் லியோன் நகரில் புத்தகமாக வந்தபோது 41 படங்கள்.

இவற்றில் மரணம் எல்லோரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நீதிபதி பணக்காரனிடம் கைநீட்டுகிறார், ஏழை ஓரமாக நிற்கிறான். மரணம் நீதிபதியின் அதிகாரக் கோலில் கைவைக்கிறது. பணக்காரனின் மேசையிலிருந்து காசை அள்ளுகிறது, அவன் பதறுகிறான். கன்னியாஸ்திரீ முழங்காலிட்டு ஜெபிக்கிறாள், ஆனால் தலையைத் திருப்பிப் பார்ப்பது கட்டிலில் உட்கார்ந்து லூட் என்ற தந்தி வாத்தியத்தை வாசிக்கும் இளைஞனை. மரணம் மெழுகுவத்தியை அணைக்கப் போகிறது. ஆளுக்கேற்ற நையாண்டி.

அப்புறம் உழவன் படம். கிழவன் ஏரைப் பிடித்திருக்கிறான். தூரத்தில் தேவாலயம், அடிவானத்தில் சூரியன். எலும்புக்கூடு குதிரைகளின் பக்கத்தில் ஓடி அவற்றை விரட்டுகிறது. பார்க்கிறவருக்கு அது அவனுக்கு ஒத்தாசை செய்வதாகத்தான் தோன்றும். ஹோல்பைனின் கோபம் முழுவதும் பதவியில் இருப்பவர்கள் மேல்தான் என்பது என் எண்ணம். 'எல்லோரும் சமம்' என்று அவர் சொன்னதாக நான் நினைக்கவில்லை. உயிரோடு இருந்தபோது எப்படி நடந்துகொண்டாய் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறார். இத்தனை படங்கள் தேவைப்பட்டது அதனால்தான்.

என் வாதத்துக்கு அடங்காத படமும் ஒன்று உண்டு. ஓட்டைக் குடிசை, தாய் அடுப்பில் எதையோ சமைக்கிறாள், மரணம் குழந்தையின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுக்கிறது. அந்தக் குழந்தை யாருக்கு என்ன செய்தது? ஏழைகளிடம் மரணம் கனிவாக இருக்கிறது என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இதையும் குறிப்பிடுகிறேன்.