ஒரு அச்சு வெல்லம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பேர் போட வேண்டாம், திருமங்கலம் பக்கம் என்று மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். போன மாதம் மதுரைக் கூட்டத்தில், "கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் பதினைந்து வருஷம் போராடி ஜெயித்தார்கள்" என்று பேசினீர்கள். நானும்தான் கை தட்டினேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தப் பேச்சு உறுத்துகிறது.

என் அண்ணன் பழைய பேட்டரி உடைக்கிற ஒரு கம்பெனியில் ஐந்து வருஷம் வேலை பார்த்தான். பெட்டியைப் பிளந்து ஆசிட்டை வடித்து, பிளேட்டை எடுத்து ஈயம் உருக்குகிற இடத்தில் சேர்க்கிற வேலை. தினமும் ஆளுக்கு ஒரு அச்சு வெல்லம், ஒரு வாழைப்பழம். "நஞ்செல்லாம் முறிஞ்சிரும்டா" என்பாராம் மேஸ்திரி. ஒன்றரை வருஷமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு சுருண்டு விழுகிறான். அல்சர் என்று மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் எட்டுதான் இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இப்போது வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது. சட்டைப் பித்தான் போட மதினி வர வேண்டியிருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். 20,000 ரூபாய் தருகிறேன், ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போடு என்கிறார் முதலாளி. 'இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று அதில் இருக்கிறது. அப்பா வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். நான் கொடைக்கானலைச் சொன்னேன். "அவங்களுக்கு என்ன கிடைச்சுச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நிஜமாகவே ஜெயித்தார்களா, அண்ணே?

இப்படிக்கு,
தம்பி ஒருவன், திருமங்கலம் பக்கம்

*

அன்புள்ள தம்பி,

அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. மைக்கைப் பிடித்தால் எனக்கு வாய் நீண்டுவிடும். அன்றைக்கு 'ஜெயித்தார்கள்' என்றது கைதட்டலுக்காக வந்த சொல். திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

நடந்தது இது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையை மூடி, இயந்திரங்களைக் கொண்டுவந்து 1980களின் நடுவில் கொடைக்கானலில் வைத்தார்கள். நடத்தியது முதலில் பாண்ட்ஸ் கம்பெனி, பிறகு இந்துஸ்தான் லீவர் கம்பெனி. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, செய்த தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்குப் போனது. வேலை மட்டும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு. 2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் வெளியே கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை மூடியது. 2003இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2016 மார்ச்சில் 591 பேருக்குப் பணம் என்று சமரசம் ஆனது. மனிதாபிமான அடிப்படையில் தருகிறோம் என்றது கம்பெனி. வேலையால்தான் வியாதி வந்தது என்று கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆக, பணம் வந்தது, வியாதிக்குப் பாதரசம் என்ற பேர் வரவில்லை. தொழிற்சாலைக்குக் கீழே இருப்பது பாம்பார் சோலை. அந்தத் தண்ணீர்தான் நாம் லீவுக்குக் குளிக்கப் போகிற கும்பக்கரையில் விழுந்து வைகைக்கு வருகிறது. மலை மேலே நடந்த வேறு யாருடைய கதையோ என்று மதுரைக்காரன் இருந்துவிட முடியாது.

பேர் வராததற்குப் பாதரசத்தின் குணமும் ஒரு காரணம். சாதாரண வெயிலுக்கே ஆவியாகும், நிறமோ வாசனையோ கிடையாது. மூச்சில் போனதில் பெரும்பகுதி உடம்பில் தங்கும். கை நடுங்கும், ஈறு வீங்கும், சிறுநீரகம் கெடும், சாதுவான மனுஷன் சிடுசிடுப்பான். ஆனால் அந்த வேலையை விட்டால், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உடம்பில் இருப்பது ஏறக்குறையப் பாதியாகிக்கொண்டே போகும். ஐந்து வருஷம் கழித்துச் சிறுநீரைச் சோதித்தால் ஒன்றும் இருக்காது. கெட்டது கெட்டபடி இருக்க, சாட்சி மட்டும் போய்விடும். ரசம் போன கண்ணாடியில் முகம் தேடுகிற மாதிரி.

இதை எனக்கு முதலில் காட்டியவர் என் பெரியப்பா. மதுரையில் ஒரு மில்லில் பஞ்சைச் சீவுகிற கார்டிங் பகுதியில் இருபத்தாறு வருஷம் இருந்தார். சங்கு ஊதியதும் வீட்டுக்கு வந்தால் புருவத்தில், மீசையில், காது முடியில் எல்லாம் பஞ்சு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நெஞ்சு அடைக்கும். செவ்வாய், புதன் போனால் கொஞ்சம் தெளியும். ஞாயிற்றுக்கிழமை கறி தின்பதால் வருகிறது என்று பெரியம்மா ஒரு வருஷம் கறியே எடுக்கவில்லை. பாவம் மனுஷன், அதுவும் போயிற்று. ரொம்பக் காலம் கழித்து ஒரு டாக்டர் நண்பர் சொன்னார்: பஞ்சுத் தூசியால் வருகிற பிசினோசிஸின் அடையாளமே அந்தத் திங்கட்கிழமைதான், ஒரு நாள் லீவுக்குப் பிறகு முதல் ஷிப்டில் பிடிக்கும். நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே அந்த வியாதி இருக்கிறது. பெரியப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை 'ஆஸ்துமா'. ஆஸ்துமாவுக்கு எந்த மில் பணம் கொடுக்கும்?

உங்கள் அண்ணன் சீட்டில் 'அல்சர்' என்றும் 'ரத்தசோகை' என்றும் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. ஆனால் வயிற்றுச் சூலை, ரத்தம் குறைவது, மணிக்கட்டு தொங்குவது, இந்த மூன்றும் பேட்டரி பிளேட்டைத் தொட்டவனுக்கு வந்தால் ஈயத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் அவர் ஈறைப் பாருங்கள், பல் முளைக்கிற இடத்தில் நீலமும் கறுப்புமாக மெல்லிய கோடு இருக்கலாம். இல்லாவிட்டாலும் ஈயம் இல்லை என்று அர்த்தமில்லை. (நம் வீட்டு ஈயச் சொம்பு ரசத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். அது வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம்.) இதுவரை எடுத்த ரத்தப் பரிசோதனை எதிலும் ஈயத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள், அதைத் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். டெசிலிட்டருக்கு (100 மில்லி ரத்தத்துக்கு) 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தள்ளிப்போடாதீர்கள். எலும்பில் உட்கார்ந்தது வருஷக்கணக்கில் கிடக்கும், ரத்தத்தில் இருப்பது மாதத்துக்கு மாதம் இறங்கும். ஏற்கெனவே இரண்டு மாதம் போய்விட்டது.

அந்த வெல்லத்தைப் பற்றிப் படித்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. வெல்லம் எந்த ஈயத்தையும் முறிக்காது. கழுவாத கையால் உருக்குகிற இடத்திலேயே நின்று தின்றால், விரலில் இருப்பதும் சேர்ந்துதான் உள்ளே போகும். மருந்து என்று சொல்லி விஷத்துக்கு வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மேஸ்திரி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், அவர் ஈறையும் யாராவது பார்த்தால் தேவலை.

அந்த ஸ்டாம்ப் பேப்பருக்கு வருகிறேன். நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று தொழிலாளி எழுதிக்கொடுத்தால் அது செல்லாது என்று 1923ஆம் வருஷத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலேயே 17ஆம் பிரிவு இருக்கிறது. அதனால் 'கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது' என்று முதலாளி சொல்வதை நம்ப வேண்டாம், போடவும் வேண்டாம். அதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. பாதரசம், ஈயம் போன்றவற்றால் வரும் வியாதி, ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலை பார்த்தவனுக்கு வந்தால், வேலையால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. அந்தச் சட்டத்தை இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதுச் சட்டத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள், வியாதிகளின் அட்டவணை அங்கேயும் இருக்கிறது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்திருந்தால் வழி வேறு, தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகம். எதுவானாலும் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஈயம் என்ற பேர் இருந்தால்தான் நகரும்.

ஐந்து வருஷம் அங்கே வேலை பார்த்ததற்கு என்ன அத்தாட்சி இருக்கிறது? சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், கேட் பாஸ், கூட வேலை பார்த்தவர்களோடு எடுத்த போட்டோ, முதலாளி ஜிபேயில் அனுப்பிய அட்வான்ஸ், எதையும் அழிக்க வேண்டாம். மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) பேரே இல்லாத ஆள் என்றால் முதல் சண்டை அங்கேதான் வரும். வக்கீலைப் பிறகு பார்க்கலாம்.

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். கொடைக்கானல்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்றால், பதினைந்து வருஷம் கழித்துப் பணம் கிடைத்தது. அதற்குள் சிலர் இல்லை. உங்கள் அண்ணனுக்கு அதைவிடச் சீக்கிரம் கிடைக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. 20,000 ரூபாய் இன்றைக்கே கையில் வரும் என்பதும் பொய்யில்லை. வீட்டில் அரிசி இல்லை என்றால் அப்பாவைக் குறை சொல்ல நான் யார்?

திங்கட்கிழமை காலையில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அண்ணன் வேலைக்குப் போட்டுப்போன சட்டை இன்னும் வீட்டில் இருந்தால் மற்ற துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். அவருக்குப் பிள்ளை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதையும் கூட்டிப் போங்கள், பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளை உடம்பு ஈயத்தை அதிகம் இழுக்கும். டாக்டர் "என்ன பண்ணுது?" என்று கேட்டதும் வயிற்று வலியில் ஆரம்பிக்க வேண்டாம். "பேட்டரி உடைக்கிற கம்பெனியில அஞ்சு வருஷம் வேலை பார்த்தேன் சார்" என்று அண்ணனையே சொல்லச் சொல்லுங்கள். அதைச் சீட்டில் எழுதுகிறாரா என்று பார்த்துக்கொண்டே நில்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்