முடிவுக்கோட்டில் நிற்பவர்கள்

அன்புள்ள ஐயா,

போன மாதம் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான தடகளப் போட்டி ஒன்றில் ஒருநாள் தன்னார்வலராக இருந்தேன். அலுவலகத்திலிருந்து பத்துப் பேர் போயிருந்தோம். என்னை நூறு மீட்டர் ஓட்டத்தின் முடிவுக்கோட்டில் நிறுத்தினார்கள். ஓடி வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, பதக்க மேடைக்குக் கூட்டிப்போக வேண்டும். வந்த ஒவ்வொரு தெய்வக் குழந்தையையும் கட்டிக்கொண்டேன். பாதி நேரம் கண்ணீர் நிற்கவில்லை. மதியத்துக்கு மேல் ஒருவர் ஓடி வந்தார், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அணைக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டு, நேரம் குறிக்கிற மேசைக்குப் போய் "எவ்வளவு, எவ்வளவு" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நின்றார். நான் பின்னாலேயே போய் "சூப்பரா ஓடினடா கண்ணா" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மனசு சரியில்லை. நான் என்ன தப்பு செய்தேன்? அங்கே சனிக்கிழமைதோறும் பயிற்சி நடக்கிறதாம், வருகிறீர்களா என்று கேட்டார்கள். எனக்கு விளையாட்டும் தெரியாது, சிறப்புக் கல்வியும் படித்ததில்லை. நான் போவதால் அவர்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை என் மனநிறைவுக்காகத்தான் போகிறேனா? நீங்கள் பல வருடமாக இப்படிப்பட்ட பயிற்சிகளுக்குப் போகிறவர் என்பதால் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம,

சனிக்கிழமை போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த மனிதர் உங்கள் மேல் கோபப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் ஒரு கேள்வி கேட்டார், பதில் வரவில்லை, அவ்வளவுதான். நூறு மீட்டர் ஓடி முடித்தவர் நேரம் குறிக்கிற மேசையில் வந்து "எவ்வளவு" என்றால், எத்தனை விநாடி என்றுதான் அர்த்தம். வேறு எந்த ஓட்டக்காரர் கேட்டிருந்தாலும் உங்களுக்கு உடனே புரிந்திருக்கும். இவர் கேட்டபோது அது ஒரு கேள்வியாகவே காதில் விழவில்லை. ஆரம்ப வருடங்களில் எனக்கும் விழுந்ததில்லை. அதனால் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

நீங்கள் செய்தது ஒரு காலத்தில் முறையாக ஒப்படைக்கப்பட்ட வேலையாகவே இருந்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டு இயக்கமான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் தொடக்க காலத்தில் ஓடி வருகிறவரைக் கட்டியணைப்பதற்கென்றே முடிவுக்கோட்டில் தன்னார்வலர்களை நிறுத்துவார்கள். அதற்கு நியாயமும் இருந்தது. அமெரிக்காவில் அந்த இயக்கத்தைத் தொடங்கியவர் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். அவருடைய அக்கா ரோஸ்மேரிக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. 1941இல், 23 வயதில், அவருக்கு மூளையில் ஓர் அறுவை சிகிச்சை செய்தார்கள். இருந்த பேச்சும் நடையும் அதோடு பெரும்பாலும் போயின. மீதி வாழ்நாளில் பெரும்பகுதியைக் குடும்பத்தைவிட்டு விலகி, ஒரு காப்பகத்தில் கழித்தார். இப்படிப்பட்டவர்களைப் பெரிய பெரிய காப்பகங்களில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அவர்களைப் பற்றிப் பேசாமலே இருந்துவிடுகிற காலம் அது. 1962இல் ஷ்ரைவர் தன் வீட்டுத் தோட்டத்திலேயே ஒரு கோடை முகாம் நடத்தினார். அங்கே கூடவே இருந்து ஓடவும் நீந்தவும் கற்றுக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். ஆறு வருடம் கழித்து, 1968 ஜூலை 20 அன்று, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் முதல் போட்டி நடந்தது. ஏறக்குறைய ஆயிரம் பேர் கலந்துகொண்டார்கள். எல்லோரும் விலகிப்போன ஒருவரை முடிவுக்கோட்டில் ஒருவர் காத்திருந்து அணைப்பது அன்றைக்குப் பெரிய விஷயம்தான்.

ஆனால் அந்த வழக்கம் பிறகு பல இடங்களில் கைவிடப்பட்டது, அது சரியான முடிவு. முன்பின் தெரியாதவர் பாய்ந்து வந்து கட்டிக்கொள்வதை முப்பது வயது ஓட்டக்காரர் யார்தான் விரும்புவார்? இன்னொன்றும் இருக்கிறது. இவர்களை ஏமாற்றுவதும் தவறாகத் தொடுவதும் மற்றவர்களுக்கு நடப்பதைவிட அதிகமாக நடக்கிறது. அதனால் பெற்றோர்களும் ஆசிரியர்களும் "தெரியாதவங்க தொட்டா வேண்டாம்னு சொல்லணும்" என்பதை வருடக்கணக்காக, நூறு தடவை, ஆயிரம் தடவை சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் கையை அவர் தள்ளிவிட்டது யாரோ பாடுபட்டுக் கற்றுக்கொடுத்ததாக இருக்கலாம். அப்படியென்றால் அது நல்ல செய்தி. அவராகக் கையை நீட்டினால் குலுக்குங்கள். அவராக வந்து அணைத்தால் ஒதுங்கவும் வேண்டாம். முதல் அடி அவருடையதாக இருக்கட்டும்.

நேரம் அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். இந்தப் போட்டிகளை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் "எல்லாருக்கும் பரிசு" என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. முதல் மூன்று பேருக்குப் பதக்கம், மற்றவர்களுக்கு ரிப்பன். ஆனால் யார் யாரோடு ஓடுவது என்பது ஏனோதானோவென்று முடிவாவதில்லை. முதலில் ஒவ்வொருவருடைய பயிற்சி நேரத்தையும் வாங்குவார்கள், அப்புறம் தகுதிச் சுற்றில் ஓடவிடுவார்கள். ஆண், பெண், வயது பார்த்து, நேரம் நெருங்கி வருகிறவர்களை ஒரு பிரிவில் சேர்ப்பார்கள். ஒரு பிரிவில் மூன்று முதல் எட்டுப் பேர். பதினான்கு விநாடியில் ஓடுகிறவர் பதினான்கு விநாடிக்காரர்களோடு ஓடுவார், முப்பது விநாடி எடுப்பவர் முப்பது விநாடிக்காரர்களோடு. தகுதிச் சுற்றில் வேண்டுமென்றே மெதுவாக ஓடிவிட்டு, சுலபமான பிரிவில் போய்த் தங்கம் வாங்குவதைத் தடுக்கவும் விதி உண்டு. இறுதி ஓட்டத்தில் வேகம் 15 சதவீதத்துக்கு மேல் கூடினால் தகுதி நீக்கம் வரை போகலாம். இத்தனை ஏற்பாடும் எதற்காக? ஓடுகிற எட்டுப் பேரில் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்கிற நிலையில் அந்த ஓட்டம் நடக்க வேண்டும் என்பதற்காக. தோற்கவும் செய்யலாம். நான்காவதாக வந்தவருக்குத் தான் நான்காவது என்று நன்றாகத் தெரியும். மேடையில் ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரின் வெண்கலத்தைப் பார்க்கிற பார்வையை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் "நீயும் வின்னர்தான்" என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், வர வேண்டும்.

உங்கள் கடிதத்தில் "தெய்வக் குழந்தை" என்று எழுதியிருக்கிறீர்கள். மனசாரத்தான் எழுதியிருப்பீர்கள், தெரிகிறது. ஆனால் இந்தப் போட்டிகளில் எட்டு வயதிலிருந்து சேரலாம், மேல் வயது வரம்பே கிடையாது. நான் போகிற பயிற்சியில் குண்டு எறிகிற ஒருவருக்கு நாற்பத்தொரு வயது. காதோரம் நரைத்துவிட்டது. தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, ஒருவரை எப்படி நினைக்கிறோம் என்பதை வா, வாங்க என்ற ஒரே சொல்லில் காட்டிவிடலாம். அவரை எல்லோரும் "வாடா, உட்காருடா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம், அவரைவிடப் பத்து வயது சின்னப் பையன்கள்கூட. அந்த வருடம் புதிதாக ஒரு பெண் கோச் வந்தார். முதல் நாள் அவர் முன்னால் போய் நின்று, "வாங்க சார், உங்க முறை, எறியுங்க" என்றார். அவர் ஒரு தடவை திரும்பித் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை. அப்புறம் சட்டையை இழுத்து உள்ளே விட்டுக்கொண்டு, வட்டத்துக்குள் போனார். அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் "வாங்க"தான். செல்லம், கண்ணு, தங்கம் எல்லாம் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சரி. மீசை வைத்தவருக்கு வேண்டாம்.

விளையாட்டு தெரியாது என்கிறீர்கள். ஓட்ட நுணுக்கத்தைக் கோச் பார்த்துக்கொள்வார். தன்னார்வலர் கற்றுக்கொள்ள வேண்டியது காத்திருப்பதை. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ஷூ லேஸில்.

இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். லேஸ் கட்ட அவருக்கு நாலைந்து நிமிடம் ஆகும். ஒரு முனையில் வளையம் போடுவார், அது நழுவும், மறுபடி முதலிலிருந்து. மற்றவர்கள் வார்ம்-அப் ஆரம்பித்துவிட்டார்கள். நான் குனிந்து கட்டிவிட்டேன். கோச் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் காலை நீட்டுவார், பாருங்க" என்றார். அப்படியே நடந்தது. வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கட்டாத ஷூவோடு காலை என் பக்கம் நீட்டினார். அதை மாற்ற எங்களுக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. பக்கத்தில் உட்கார்ந்து, என் ஷூவையும் அவிழ்த்து, அவரோடு சேர்ந்து மெதுவாகக் கட்டுவேன். கையை மட்டும் அவர் கால் பக்கம் கொண்டுபோக மாட்டேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவர் வருடங்களாகப் பழகி வைத்திருந்த ஒன்றை நான் ஒரு நிமிடத்தில் பிடுங்கியிருக்கிறேன்.

பேச்சிலும் இதேதான். நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டும்போது "முட்டியை மடக்குங்க" என்று ஒன்றைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். ஆறு எண்ணும்போதே "கையை வீசுங்க, குதிங்க, சீக்கிரம்" என்று வந்துவிடும். சொன்னதைத் தலைக்குள் வாங்கிக் காலுக்கு அனுப்ப அவருக்கு எட்டு விநாடி தேவைப்படலாம். ஏழாவது விநாடியில் நாம் இன்னொன்றைச் சொன்னால் பழையது அழிந்துவிடும், மறுபடி எட்டு விநாடி. அதனால்தான் ஓட்டத்தின்போது நாலா பக்கமிருந்தும் கத்தக் கூடாது என்கிறோம். ஒரே ஒரு குரல் போதும்.

முடிவுக்கோட்டைப் பற்றி ஒன்று. "கோடு வரைக்கும் ஓடணும்" என்று சொல்லிக்கொடுத்தால், பலர் அப்படியே கோட்டுக்கு ஓரடி முன்னால் வந்து பக்கென்று நின்றுவிடுவார்கள். சொன்னதை அப்படியே செய்திருக்கிறார்கள், தப்பு நம்முடையது. கோட்டைத் தாண்டி ஐந்து மீட்டரில் ஒரு கூம்பை வைத்து, அதன் பக்கத்தில் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நில்லுங்கள். வந்து கையில் தட்டட்டும். நீங்கள் அடுத்த முறை நிற்க வேண்டிய இடம் அது.

சில விஷயங்களைப் போனவுடனே கோச்சிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்கு வலிப்பு உண்டு, வந்தால் என்ன செய்ய வேண்டும். யாருக்கு விசில் சத்தமோ துப்பாக்கிச் சத்தமோ ஆகாது. அவர்களுக்குக் கொடி அசைத்து ஓட்டத்தைத் தொடங்கலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிமானம் தளர்ந்திருக்கும். குட்டிக்கரணமோ தண்ணீரில் தலைகீழாகப் பாய்வதோ அவர்களோடு விளையாட்டுக்குக்கூட வேண்டாம். உடை மாற்றும் இடத்தில் யாரோடும் தனியாக இருக்காதீர்கள். கேட்காமல் படம் எடுத்துப் போடாதீர்கள். யாராவது "சொன்னா கேட்கவே மாட்டேங்கிறார்" என்று உங்களிடம் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1997இலிருந்து போட்டி நடக்கும் இடத்திலேயே கண், காது, பல் எல்லாவற்றையும் இலவசமாகப் பரிசோதிக்கிறது, ஏனென்றால் இவர்களுடைய சாதாரண உடல் தொந்தரவுகளைக்கூடக் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பிடிவாதக்காரர் என்று பெயர் வாங்கியிருந்த ஒருவருக்கு இரண்டு காதிலும் குறும்பி அடைத்துக்கிடந்ததை நானே பார்த்தேன். எடுத்த பிறகு, கூப்பிட்ட முதல் குரலுக்கே திரும்பினார்.

மனநிறைவுக்காகப் போகிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்காகவே போனாலும் தப்பில்லை, தொடர்ந்து போவீர்களானால். போட்டி நாளன்று நூறு பேர் வருவார்கள். மழைக்கால சனிக்கிழமையில் மூன்று பேர். பயிற்சி நடப்பது அந்த மூன்று பேரை நம்பித்தான். "அடுத்த வாரம் வருவீங்களா" என்று உங்களைக் கேட்பார்கள், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்பார்கள். பேச்சுக்காக "வரேன்" என்று சொல்லிவிடாதீர்கள். நான் ஒருமுறை சொல்லிவிட்டு வேறு வேலையில் போகாமல் இருந்துவிட்டேன். அன்று ஒருவர் பயிற்சி முடியும்வரை கேட்டுக்கு அருகிலேயே உட்கார்ந்திருந்தாராம். ஓடவே இல்லை. வர முடியாது என்றால் முந்தைய வாரமே அவர்களிடமே சொல்லிவிட்டு வாருங்கள். அதைத் தாங்கிக்கொள்வார்கள்.

முதல் மூன்று மாதம் உங்களால் எந்த மாற்றமும் நடந்ததாகத் தெரியாது. பெயர்கள் பழகும், யாருக்கு யாரோடு ஒத்துப்போகும் என்று தெரியும், அவ்வளவுதான். அப்புறம் ஆசை வந்தால் யூனிஃபைட் அணியில் சேருங்கள். குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் சேர்ந்து ஆடுவது. அங்கே உங்களுக்கு ஆட்டம் தெரியாதது ஒரு நன்மை, பந்தை நீங்களே வைத்துக்கொண்டிருக்கத் தோன்றாது.

சனிக்கிழமை அந்த மனிதரும் வந்திருந்தால் ஸ்டாப்வாட்சை உங்கள் கையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் ஓடி முடித்ததும் நேரத்தைப் புள்ளியோடு சொல்லுங்கள், "பதினெட்டு புள்ளி ஆறு" என்பது போல. போன தடவை எவ்வளவு என்று அவரையே கேளுங்கள். பத்து விநாடி காத்திருங்கள்.