பெருவிரல் வரை இழுக்கும் வலி வாயுப் பிடிப்பா?

தங்கச்சிமடத்திலிருந்து நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகும் 44 வயது வாசகர் கேட்கிறார்: ஒரு மாதமாகக் குறுக்கு வலி, இடது காலில் பெருவிரல் வரை இழுக்கிறது, ஊசி போட்டால் நாலு நாள் தாங்குகிறது, வீட்டில் வாயு என்கிறார்கள், ஸ்கேன் எடுக்கலாமா?

வாயு இல்லை. தசைப் பிடிப்பு என்றால் வலி பெரும்பாலும் இடுப்பு, புட்டம், மிஞ்சினால் தொடையோடு நின்றுவிடும். முழங்காலைத் தாண்டிப் பாதத்துக்கு இறங்கி, தும்மினாலும் இருமினாலும் சுரீரென்று இழுத்தால் நரம்பு வேரில் ஏதோ அழுத்துகிறது என்று பொருள், உங்கள் வயதில் அது பெரும்பாலும் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) பிதுங்குவதுதான். அதிலும் கீழ் முதுகின் கடைசி இரண்டு ஜவ்வுகள்தான் அதிகம் மாட்டுகின்றன. பெருவிரல் பக்கம் மரத்தால் ஒரு நரம்பு, சுண்டுவிரல் பக்கம் என்றால் அதற்கு அடுத்தது. வீட்டிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் பத்து அடி, பிறகு நுனிக்காலில் பத்து அடி நடந்து பாருங்கள். ஒரு கால் மட்டும் தொய்ந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள்.

வலை இழுப்பதில் குனிவது மட்டும் சிக்கல் இல்லை, குனிந்தபடியே இடுப்பைத் திருப்புகிறோமே, அதுதான் ஜவ்வுக்கு ஆகாது, படகு வேறு ஆடும். இரவெல்லாம் படுத்திருக்கும்போது ஜவ்வு நீர் ஏறி உப்பியிருக்கும் என்பதால் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஐஸ் பெட்டி தூக்குவதை இளைய ஆளிடம் விடுங்கள். திரும்ப வேண்டுமென்றால் பாதத்தையும் சேர்த்துத் திருப்புங்கள்.

எல்லாக் கால்வலியும் இது ஆகாது. அறுபதைத் தாண்டியவர் கொஞ்சம் நடந்ததும் கால் கனத்து, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சரியாகிறது, சைக்கிள் மட்டும் நன்றாக மிதிக்கிறார் என்றால் தண்டுவடப் பாதை குறுகியிருக்கலாம். பீடி குடிப்பவருக்கு நடந்தால் கெண்டைக்கால் வலித்து, சும்மா நின்றாலே விட்டுவிடுகிறதா, அது கால் ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். இரண்டு பாதமும் ராத்திரியில் எரிந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

ஸ்கேனுக்கு அவசரம் வேண்டாம். வலியே இல்லாத நாற்பது வயதுக்காரருக்கும் எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வு பிதுங்கித் தெரிவது சாதாரணம், அந்தத் தாளைப் பார்த்துப் பயந்தவர்கள்தான் அதிகம். கால் பலம் குறையாமல் இருந்தால் ஆறு வாரம் வரை பார்க்கலாம், பெரும்பாலோருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் அறுவை இல்லாமலே தணிகிறது. ஓரிரு நாளுக்கு மேல் படுத்தே கிடக்காதீர்கள், தாங்குகிற அளவு நடங்கள். முதுகில் ஏறி மிதித்துச் சுளுக்கு எடுப்பது மட்டும் இப்போது வேண்டவே வேண்டாம்.

அந்த ஊசி இருக்கிறதே, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கடலில் கிடக்கும் உடம்புக்கு வலி மருந்தை அடிக்கடி ஏற்றினால் சிறுநீரகமும் வயிறும் கெடும். என்ன மருந்து என்று தெரியாமல் இனிப் போடாதீர்கள்.

சிறுநீர் அடைப்பு, மலம் தெரியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தொங்குவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், ராத்திரி ஆனாலும் சரி. முதுகு வலியோடு காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்றும் கேட்டுப் பாருங்கள்.