புது ஊரில் உதவி கேட்கத் தயங்குகிறவருக்கு

வேலை மாறி வந்த ஊரில் ஒருவரையும் தெரியாது, வீடு தேட உதவி கேட்டால் தொந்தரவாக நினைப்பார்களோ என்று எழுதியிருக்கிறீர்கள். தயங்காமல் கேளுங்கள். 2008-இல் பிளின், லேக் என்ற இரு ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள்: நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகம் பேர் சரி என்கிறார்கள்.

ஆனால் கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டால், வேறு யாராவது செய்வார்கள் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். ஒருவரின் முகம் பார்த்து, சின்னதாகக் கேளுங்கள். "வீடு பார்த்துக் கொடுங்கள்" என்பதைவிட "இந்தத் தெருவில் இரவில் தனியாக நடக்கலாமா?" என்பதற்குப் பதில் சொல்வது எளிது, பேச்சும் அங்கிருந்தே வளரும்.

தானாக வந்து அவசரப்படுத்துகிறவரிடம் மட்டும் முன்பணமோ அடையாள அட்டையோ கொடுத்துவிடாதீர்கள். அப்புறம், வீடு கிடைத்ததும் உதவியவரிடம் அவசியம் சொல்லுங்கள். உண்மையாகவே சந்தோஷப்படுவார்.