இடம் தந்தது மார்ச்சில், அபராதம் என் தலையிலா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்துச் சிறு ஒப்பந்ததாரர் நான். வாய்க்கால் சீரமைப்புத் திட்டத்தில் ஒரு ரெகுலேட்டரை (தண்ணீரைத் திறந்து அடைக்கும் மதகு அமைப்பு) புதுப்பிக்கும் வேலை. பிப்ரவரி 1 முதல் மே 31 வரை கெடு. இடத்தை ஒப்படைத்ததே மார்ச் 18. ஆற்றில் தண்ணீர் வந்ததும் வேலை பாதியில் நின்றது. மறு வருஷம் ஏப்ரலில் முடித்தேன். கடைசி பில்லில் துறையினர் தாமத அபராதம் பிடித்துவிட்டார்கள். கால நீட்டிப்பின்போது 'நஷ்டஈடு கேட்க மாட்டேன்' என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் 'தண்ணீர் வந்துவிட்டது' என்று வாதத்தை ஆரம்பிக்காதீர்கள். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம் என்பது டெல்டாவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்துதானே கையெழுத்துப் போட்டீர்கள் என்பார்கள். (2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், அப்படி முந்தி வந்திருந்தால் பேச்சு வேறு.)

உங்கள் பிடி மார்ச் 18-ல்தான் இருக்கிறது. ஒப்பந்தப்படி உங்களுக்கு 120 நாள். மார்ச் 18-லிருந்து எண்ணினால் ஜூன் 12-க்கு முன் கிடைப்பது 86 நாள். அவர்கள் தின்ற 45 நாள் அதோடு நிற்கவில்லை, ஒரு முழுப் பாசனப் பருவத்தையே உங்கள் தலையில் கட்டிவிட்டது. இதைத் தேதி வாரியாக எழுதிக்காட்டுங்கள். சிமென்ட் வராமல் நீங்களாக நின்ற நாள்கள் இருந்தால் அவற்றையும் மறைக்காமல் சேருங்கள். எம்-புக் (வேலையின் அளவுகளைத் துறை பதியும் அளவீட்டுப் புத்தகம்) எப்படியும் காட்டிக்கொடுக்கும்.

தாமதத்துக்கு யார் காரணம் என்று தகராறு இருக்கும்போது, துறையே நீதிபதியாக உட்கார்ந்து அதைத் தீர்மானிக்க முடியாது என்று ஜே.ஜி. இன்ஜினியர்ஸ் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவில் அபராதத் தொகை உச்சவரம்புதான். நஷ்டத்தைக் கணக்கிட முடியுமென்றால் துறை அதை நிரூபிக்க வேண்டும் (கைலாஷ்நாத் வழக்கு, 2015). கால நீட்டிப்பு உத்தரவில் 'அபராதம் பிடிக்கும் உரிமை எங்களுக்கு உண்டு' என்று துறை எழுதி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். வைக்கவில்லையென்றால் அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவும் உங்கள் பக்கம்.

அந்தக் கடிதம்தான் இடிக்கிறது. இயந்திர வாடகை, விலையேற்றம் கேட்பது அதனால் கடினமாகிவிட்டது. ஆனால் நஷ்டஈடு கேட்க மாட்டேன் என்றவர் அபராதம் கட்டச் சம்மதித்ததாக ஆகாது.

சரி, இப்போது தகவல் உரிமைச் சட்டத்தில் இட ஒப்படைப்புப் பதிவு, எம்-புக், நீட்டிப்புக் கோப்பு மூன்றின் நகலும் கேளுங்கள். பிறகு ஒப்பந்தத்தில் நடுவர் பிரிவு (தகராறை நடுவரிடம் விடும் ஷரத்து) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிவில் வழக்கு. அரசு மேல் போடுவதால் சிவில் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். காலவரம்பு பொதுவாக மூன்று வருஷம். பில்லில் பிடித்த தேதியை இன்றே குறித்துவையுங்கள்.