எண்ணிட்ட பதிப்பாக (குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் செய்து, ஒவ்வொன்றிலும் எண் இட்டு) வரும் கார்ட்டூன் பீங்கான் சிலைகளின் விலை நிச்சயம் ஏறுமா?

உங்களிடம் ஏற்கெனவே ஓரிரு சிலைகள் இருக்கின்றன என்றும், வீட்டில் யாரோ "இந்த வயதில் பொம்மையா?" என்று கேட்டுவிட்டார்கள் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அவர்களுக்குப் பதில் சொல்ல விலையேற்றத்தைத் துணைக்கு அழைக்காதீர்கள். பெரும்பாலானவற்றுக்கு விலை ஏறுவதில்லை. பழைய விளையாட்டுச் சாமான்கள் அரிதானதற்குக் காரணம், குழந்தைகள் அவற்றை உடைத்ததுதான். டிஸ்னி கார்ட்டூன் பாத்திரங்களைப் பீங்கான் சிலைகளாக்கி 1992-இல் தொடங்கிய வால்ட் டிஸ்னி கிளாசிக்ஸ் கலெக்‌ஷன் போன்ற வரிசைகளையோ, வாங்கியவர்கள் பெட்டியும் சான்றிதழும் கலையாமல் பாதுகாத்தார்கள். ஆயிரக்கணக்கில் வெளியான ஒரு பதிப்பில் ஏறக்குறைய அனைத்தும் பிழைத்திருக்கும்போது, அடிப்பாகத்தில் உள்ள எண் மட்டும் அதை அரிதாக்கிவிடாது.

அந்த வரிசையில் எண்ணைவிட ஆண்டு முத்திரையையே நான் முதலில் பார்ப்பேன். 1992-க்குச் சக்கரம், 1993-க்கு இசைக்குறி, 1994-க்குப் பூ என்று ஆண்டுதோறும் மாறும் அந்த அடையாளத்தைக் கொண்டு, ஒரு சிலை முதலாண்டில் வார்க்கப்பட்டதா, பின்னர் வந்ததா என்று அறியலாம். முதலாண்டு முத்திரையைத் தேடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அதைவிட முக்கியமானது பழுது. இத்தகைய சிலைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்படுவதில்லை; கால், காது, கை ஆகியவற்றைத் தனித்தனியே வார்த்து, நீர்த்த களிமண்குழம்பால் ஒட்டிய பிறகே சூளையில் வைக்கிறார்கள். மெல்லிய உறுப்புகளே எளிதில் உடைகின்றன. முன்னங்காலைத் தூக்கி நிற்கும் மான்குட்டி ஒன்றை "குறையற்றது" என்ற உறுதிமொழியை நம்பி ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். பகல் வெளிச்சத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்தபோது, முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு வளையம் மட்டும் தனியாக ஒளிர்ந்தது. உடைந்ததை ஒட்டிய பசையும் அதை மறைத்த மேற்பூச்சும் பீங்கானிலிருந்து வேறுபட்டே ஒளிரும். படம் எடுத்து அனுப்பியதற்கு, "இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் கடைக்கு நேரில் வந்திருக்க வேண்டும்" என்று பதில் வந்தது. பழுதைக் கண்டுபிடித்தவரையே குற்றவாளியாக்கும் இந்த வழக்கம் இத்துறையில் வேரூன்றிவிட்டது. பல கடிதங்களுக்குப் பிறகு பணம் திரும்பி வந்தது; அனுப்பும் செலவு வரவில்லை.

ஒட்டிய சிலையை வாங்கவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். திறமையாகச் சீர்செய்த ஒன்றை, அப்படியே அறிவித்து, குறைந்த விலைக்குக் கொடுத்தால் நானும் வாங்குவேன்; என் அலமாரியில் அப்படிப்பட்டவையும் உள்ளன. மறைப்பதைத்தான் எதிர்க்கிறேன். ஆகவே பணம் அனுப்புவதற்கு முன், அடிப்பாகத்தின் படத்தோடு, புற ஊதா ஒளியில் எடுத்த படத்தையும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை.