தெருவில் மீட்ட நாய்க்குட்டிக்கு நல்ல வீடு தேடுவது எப்படி?

முதலில், அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். 8 வாரம் ஆகும்வரை குட்டி தாயோடு இருக்க வேண்டும். தாய் இல்லையென்றால் அதுவரை நீங்கள்தான் தாய். குடற்புழு மருந்தும் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான முதல் தடுப்பூசியும் (6-8 வாரத்தில்) போட்டுவிடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதத்தில். அந்தத் தேதியை எழுதியே கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

கேட்டு வருபவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: வாடகை வீடா? வீட்டுக்காரர் சம்மதித்தாரா? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பது? "பையன் பிறந்தநாளுக்குப் பரிசு" என்பவருக்கு நான் கொடுக்கவே மாட்டேன்.

பெண்குட்டி என்றால் பலர் தயங்குவார்கள். கருத்தடைச் செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லிப் பாருங்கள், தயக்கம் குறையும். சென்னையில் 1959-இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகளிலும் விசாரிக்கலாம். கொடுத்த மறுவாரம் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.